ஐந்நூறு அடியில் என்ன வேகம்

பெனிட்டா மச்சாடோ என்றுதான் சொன்னார் கேப்டன். சென்னையில் கதவைச் சாத்தி, மைக்கில் இந்தியும் இங்கிலீஷுமாக வரவேற்று, என்னோடு ஃபர்ஸ்ட் ஆபீசர் பெனிட்டா மச்சாடோ இருக்கிறார் என்று அவர் சொன்னதும் எழுந்து இறங்கிப் போய்விடலாமா என்று நிஜமாகவே ஒரு கணம் பெல்ட்டில் கை வைத்தேன். வேறு பெனிட்டாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், எங்கே இருக்கப்போகிறாள், தூத்துக்குடிக்காரி, மச்சாடோ, விமானம் ஓட்டுகிறவள், ஊர் உலகத்தில் ஒருத்திதான். இப்போது கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறோம், காது அடைக்கிறது, இவ்வளவு நேரமும் அந்தப் பெயரையேதான் மென்றுகொண்டிருக்கிறேன். அக்காவின் வளைகாப்புக்குப் போகிறேன். டிக்கெட் அத்தான் எடுத்துக் கொடுத்தது, பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறவனுக்கு அத்தான் பிளேன் டிக்கெட் எடுத்துத் தருகிறார், மச்சினன் பஸ்ஸில் வந்தால் நல்லா இருக்காது என்று. அந்த எரிச்சலே அடங்கவில்லை, வெந்த புண்ணில் வேல் மாதிரி இவள். முன்னால் வலதுபக்க சீட்டில் அவள், பின்னால் சக்கரத்துக்கு மேலே ஜன்னலோரம் நான், நடுவில் பூட்டிய கதவு ஒன்று, அதற்கு இந்தப் பக்கம் எழுபது பேர், அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது நானும் ஓட்டுவேன் என்று, அவளைவிட நன்றாக ஓட்டுவேன் என்று. பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர், கெட்டி மோதிரம், உப்பு வியாபாரமாம், ஏறியதிலிருந்து அவருடைய முழங்கை என் பக்கம்தான் இருக்கிறது. பொம்பளப் புள்ளயாம்லா ஓட்டுது என்று அவர் அப்போதே சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்தபோது கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அதை நினைத்து வெட்கப்படவும் இல்லை.

அவள் ஓட்டுகிறாளா என்பதே சந்தேகம். முன்னால் இரண்டு பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓட்டுவது ஒருத்தர்தான், மற்றவர் ரேடியோவிலும் மைக்கிலும் பேசுவார், வரவேற்றது கேப்டன், அப்படியானால் ஓட்டுவது அவள்தான், சந்தேகமே இல்லை, எதற்கு சந்தேகம் என்று சொன்னேன். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருப்பதுதான் கஷ்டம், தெரியாதவன் நிம்மதியாகத் தூங்குகிறான், உப்பு வியாபாரி குறட்டை விட்டார், நான் மட்டும் இஞ்சினின் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டு வருகிறேன், இப்போது குறைத்தாள், இப்போது திருப்பினாள், திருப்பம் கொஞ்சம் முரடு, இல்லை, சரியாகத்தான் திருப்பினாள், முரடாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். மத்தியப் பிரதேசத்துப் பொட்டல், வெயிலில் ஓடுதளம் கானலாக நெளியும், விமானங்கள் நாலு, அதில் இரண்டு எப்போதும் கொட்டகையில் பிரித்துப் போட்டபடி இருக்கும், ஒரு மணி நேரம் பறக்க ஒரு வாரம் காத்திருப்போம், காத்திருக்கிற நேரமெல்லாம் வேப்பமரத்தடியில் பேச்சு. எனக்குக் கை இருக்கிறது என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். கை என்றால் அங்கே பெரிய விஷயம், சிலருக்குச் சமையலில் இருப்பது போல, அளக்காமல் போட்டாலும் உப்பு சரியாக விழும். தனியாகப் பறந்து இறங்கிய முதல் நாளில் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டி, சட்டையின் முதுகை வெட்டி எடுத்துச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார்கள், எங்கள் செட்டில் முதல் துணி என்னுடையது. அவளுடையது கடைசி. அன்றைக்கு அவள் இறங்க வருவாள், ஓடுதளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், திடீரென்று இஞ்சினை முழுசாகத் திறந்து மேலே ஏறிவிடுவாள், மறுபடி சுற்றி வருவாள், மறுபடி ஏறுவாள். நாங்கள் வாளிகளைத் தூக்கியபடியே நின்று கை கடுத்துப் போனது. நான்தான் பெயர் வைத்தேன், நவக்கிரகம் என்று, ஒன்பது சுற்று முடிந்தால்தான் அம்மாள் கீழே வருவாள் என்று. வேதக்காரப் பெண்ணுக்கு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு, நவக்கிரகம் என்று பெயர், அர்த்தத்தைச் சொன்னதும் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள், தலையில் வாளித் தண்ணீர் சொட்டச் சொட்ட. கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

லைசென்ஸ் வாங்கி வெளியே வந்தால் வேலை எங்கே இருக்கிறது. பைலட் பஞ்சம், பைலட் பஞ்சம் என்று பேப்பரில் போடுகிறான், அத்தையும் சித்தப்பாவும் அந்தச் செய்தியை எனக்கே அனுப்பி வைக்கிறார்கள், நான் பார்க்காமல் இருந்துவிடுவேனாம். பஞ்சம் கேப்டன்களுக்குத்தான், என்னைப் போலப் புதிதாக லைசென்ஸை வைத்துக்கொண்டு நிற்கிறவன் வேளச்சேரியில் ஒரு சந்துக்கு ஒருத்தன் இருக்கிறான். நான் அங்கேதான் பைலட் பரீட்சைக்கான ஒரு கோச்சிங் சென்டரில் நேவிகேஷன், அதாவது வழி காணும் பாடம் எடுக்கிறேன், எனக்கு வழி காணாமல். பத்து இடத்துக்கு ஒரு நூறு பேரைக் கூப்பிடுவான், எழுத்துப் பரீட்சை, மனசைச் சோதிக்கிற பரீட்சை, கடைசியில் சிமுலேட்டர். அது பறக்கவே பறக்காது, ஒரு ஹாலுக்குள் ஆறு காலில் நின்றுகொண்டு ஆடுகிற பெட்டி, குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, நிஜமாகவே அதுதான். நான் ஓட்டினேன். கொஞ்சம் உயரமாக வந்துவிட்டேன், கொஞ்சம் வேகமும் இருந்தது, இருக்கட்டுமே, மூக்கைத் தாழ்த்தி, இஞ்சினை அடக்கி, பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் பஞ்சு மூட்டையை வைக்கிற மாதிரி வைத்தேன். அப்படி ஒரு இறக்கத்தை அந்தப் பெட்டி பார்த்திருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்த பரிசோதகர் எதையோ எழுதினார், தேங்க்யூ என்றார், நான் எழுந்து வெளியே வந்தபோது என் மனசில் சட்டையைத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது, தோளில் இரண்டு பட்டை. மறுவாரம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று வந்தது. அவளுக்குக் கிடைத்தது. ஒரே நாள், ஒரே பெட்டி, எனக்கு அடுத்து அவள்.

எல்லோரிடமும் சொன்னேன், பெண்களை எடுத்தால் கம்பெனிக்குப் பெயர் என்று எடுத்தார்கள், பெட்டியில் ஏதோ கோளாறு, அந்த ஆளுக்குத் தமிழன் என்றால் ஆகாது. அறைத்தோழன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொன்னான், அவனோடு இரண்டு நாள் பேச்சில்லை. அவளிடமும் அதே கதையைச் சொன்னேன், போனில், அவளுக்கு ஆர்டர் வந்த மறுநாள். அவள் முழுசாகக் கேட்டாள். பாவம் என்று சொல்லவில்லை, அநியாயம் என்று சொல்லவில்லை. ஏல அருஞ்சுன, ஐந்நூறு அடியில என்ன வேகம் இருந்துச்சு, என்று கேட்டாள். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன், அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை, தோளில் பட்டையோடு அவள் போட்ட போட்டோவைப் பார்த்தேன், லைக் போடவில்லை, பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும். ஐந்நூறு அடி என்பது எங்கள் தொழிலில் வாசற்படி மாதிரி, அந்த உயரத்துக்கு வரும்போது வேகமும் இறக்கமும் சொன்ன அளவில் நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் பேச்சே கிடையாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும், கோ அரவுண்ட் என்பார்கள். இது பாடப்புத்தகம். நானே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் கை இருக்கிறவனுக்கு எதற்கு வாசற்படி, சரிபண்ணத்தான் சரிபண்ணிவிட்டேனே, இறங்கினேனா இல்லையா, யாருக்காவது ஒரு கீறல் உண்டா. அவள் ஏன் அதைக் கேட்டாள். கேட்கிறவள் தெரியாமலா கேட்டாள். பல் விளக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, போர்டில் கோடு போடும்போது, அது நடுவில் வந்து நிற்கிறது, மீன்முள் தொண்டையில் இருக்கிற மாதிரி, சோற்று உருண்டையை விழுங்கினாலும் போக மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை எனக்கு இன்னொரு கம்பெனியில் சிமுலேட்டர். இதுவும் போனால் அவ்வளவுதான், கோவில்பட்டிக்கு வந்து அப்பாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும், வீட்டில் பேசி முடித்துவிட்டோம், நானே ஒத்துக்கொண்டேன். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நேற்று ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள், நான் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கும், அறிவுரை இருக்கும். உள்ளே போய்விட்டவள் வெளியே நிற்கிறவனுக்குச் சொல்கிற இரக்கம் இருக்கும்.

உப்பளம் தெரிகிறது. பாத்தி பாத்தியாக வெள்ளை, ஓரத்தில் தார்ப்பாய் போட்ட குவியல்கள், உப்பு வியாபாரி விழித்துக்கொண்டு என் மேல் சாய்ந்து எட்டிப் பார்க்கிறார், அவர் பாத்தி எது என்று தேடுகிறாராக்கும். ஆடி பிறக்கும் முன்பே ஆடிக் காற்று. பனைகள் எல்லாம் கிழக்கே தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு நிற்கின்றன, செம்மண் தரையிலிருந்து சூடு கிளம்பி வயிற்றைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, மேற்கேயிருந்து ஒரு மொத்து, அப்புறம் ஒன்றுமே இல்லை, அப்புறம் இன்னொரு மொத்து. இந்தக் காற்றில் இறக்குவது விளையாட்டு இல்லை. கேப்டன் கன்ட்ரோலை அவள் கையிலிருந்து வாங்கிவிடுவார் பார், புதுசுகளிடம் இந்தக் காற்றில் விட மாட்டார்கள், வாங்கிவிடட்டும், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். இல்லை, வாங்க வேண்டாம், அவளே இறக்கட்டும், தொப்பென்று போடட்டும், மேலே இருக்கிற பெட்டிகள் திறந்துகொள்ளட்டும், எல்லோரும் ஐயோ என்று சொல்லட்டும், நான் மட்டும் பேசாமல் ஜன்னலைப் பார்ப்பேன். நானும்தானே இதற்குள் இருக்கிறேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. சக்கரம் இறங்கியது, ஜன்னலுக்கு வெளியே கருப்பாகத் தொங்குகிறது, காலுக்குக் கீழே அதிர்வு. என் பாதம் தானாகவே தரையை அழுத்துகிறது, இடது, வலது, இடது, மூக்கை நேராக்கப் பார்க்கிறது, இங்கே பெடல் இல்லை, முன் சீட்டுக்கு அடியில் யாருடையதோ பை இருக்கிறது, அதை மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

வேகம் அதிகம். எனக்குத் தெரிகிறது, மீட்டர் வேண்டாம், பனைமரங்கள் போகிற வேகத்திலேயே தெரிகிறது, முன்னாலிருந்து வந்த காற்று ஒரு மொத்து மொத்தி வேகத்தை ஏற்றிவிட்டது, அவள் இஞ்சினை அடக்குகிறாள், கேட்கிறது, போதாது, இன்னும் அடக்கு, மூக்கைத் தாழ்த்தாதே, உயரம் இப்போது ஐந்நூறுதான் இருக்கும், ஒரு சாலை, ஒரு லாரி, வேலிக் கம்பி எங்கோ தெரிகிறது, பிடித்துவிடலாம், நான் பிடித்துவிடுவேன், கொஞ்சம் பொறு, இதோ காற்று விழுந்துவிட்டது, இப்போது இழு, என் வலது கை சீட்டின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருக்கிறது, இப்போது இழு ஏட்டி, என்று உதடு வரைக்கும் வந்துவிட்டது, அந்த நேரம் இரண்டு இஞ்சினும் சேர்ந்து கத்தின. முதுகு சீட்டில் ஒட்டியது. ஜன்னலில் தரை சாய்ந்து கீழே போனது, சக்கரம் மடங்கி உள்ளே போனது, பனைகள் புல்லாகி, புல் செம்மண்ணாகி, ஓடுதளம் பூராவும் ஆளில்லாமல் எங்களுக்குக் கீழே நீளமாக ஓடி முடிந்தது. விட்டுவிட்டாள். கைக்கு எட்டியதை விட்டுவிட்டாள், அன்றைக்கு மாதிரியே. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, யாரோ முருகா என்றார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது, நவக்கிரகம், நவக்கிரகம், இத்தனை பெரிய விமானத்தைக் கொடுத்தாலும் நவக்கிரகம்தான், உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது அந்தச் சந்தோஷத்தில்.

உப்பு வியாபாரி என் கையைப் பிடித்திருந்தார், மோதிரம் அழுத்தியது. என்ன தம்பி, எறக்கத் தெரியலயா அந்தப் புள்ளைக்கு, என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவைத்தேன், எதற்கும் பொருந்துகிற மாதிரி. மைக் கரகரத்தது. கேப்டன். காற்று காரணமாக இறங்குவதைத் தவிர்த்தோம், இது வழக்கமான நடைமுறை, சற்று நேரத்தில் மறுபடி இறங்குவோம். பேசியது கேப்டன், அப்படியானால் இப்போதும் ஓட்டுவது அவள். அவர் வாங்கவில்லை. அவள் கையிலிருந்து வாங்கவில்லை. இந்த இடத்தில்தான் என் சந்தோஷத்தில் முள் மாட்டியது. தப்பு செய்திருந்தால் வாங்கியிருப்பார், வாங்கவில்லையென்றால் தப்பில்லை. ஐந்நூறு அடியில் வேகம் அதிகம் இருந்தது, எனக்கே தெரிந்தது, பனைமரத்தைப் பார்த்தே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது, அவள் ஏறிவிட்டாள். எனக்குத் தெரிந்தது, நான் இழு என்றேன். அங்கே போகாதே, வேறு எதையாவது நினை, வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவார்கள், அக்கா கை வீங்கியிருக்கிறது என்று அம்மா சொன்னாள், வளையல் நுழையுமா, இந்தக் காற்றில் நான் இழுத்திருந்தால் நுழைந்திருக்குமா, ஓடுதளம் போதுமா, போதும், போதாது, வேலிக் கம்பி தெரிந்தது. விமானம் கடலுக்கு மேல் திரும்பியது, கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன, அவளுடைய திருப்பத்தை உடம்பால் அளந்துபார்த்தேன், குறை சொல்ல ஓர் இடமும் இல்லை. ஒருவர் மேல் பொறாமைப்பட அவர்களிடம் ஏதாவது பெரிய திறமை இருக்க வேண்டும், இவள் செய்தது எல்லாம் இறங்காமல் இருந்ததுதான், இறங்காமல் இருந்ததற்கா பொறாமைப்படுகிறேன்.

இரண்டாவது தடவை உப்பளம், பனை, சாலை, அதே லாரி இல்லை. பனைகள் இந்த முறை நிதானமாகப் போயின. மொத்து வந்தது, அவள் அதோடு சண்டை போடவில்லை. இறக்கம் ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை, நல்ல தட்டு, முதலில் ஒரு சக்கரம், அப்புறம் மற்றது, நானாக இருந்தால் இன்னும் மெதுவாக வைத்திருப்பேன் என்று நினைத்தேன், நினைத்த உடனே அந்த நினைப்பு செல்லாக்காசாகக் கிடந்தது. சில பேர் கை தட்டினார்கள். உப்பு வியாபாரி கேப்டன் எறக்கிட்டார் போல என்றார். இல்லை, அவள்தான் இறக்கினாள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, பையை எடுத்துக்கொண்டேன்.

இந்த ரக விமானத்தில் ஆட்கள் இறங்குவது வால்பக்கப் படியில். இறங்கியதும் காற்று சட்டையை உப்பவைத்தது, முகத்தில் மண். தரை ஊழியர்கள் வரிசையாகப் போகச் சொல்லி விரட்டினார்கள், நான் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியாது, தெரியும். அடுத்த பயணத்துக்கு முன்னால் பைலட்டுகளில் ஒருத்தர் இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், டயர், இஞ்சின், வால் எல்லாம், அந்த வேலை எப்போதும் இளையவர் தலையில்தான் விழும். வந்தாள். மஞ்சள் அங்கி, காதில் பஞ்சு, கலைந்த முடி, முகத்தில் அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காத வறட்சி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் போன் பேச்சு நின்றுகொண்டிருந்தது. அப்புறம் அவள் சிரித்தாள், வாளித் தண்ணீர் சொட்டின நாளில் சிரித்த அதே சிரிப்பு.

“ஏல, இன்னைக்கு ஒரு சுத்துதான். ஒம்பது இல்ல.”

நான் சிரிக்கவில்லை. நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“ஐந்நூறு அடியில என்ன வேகம் இருந்துச்சு?”

அவள் யோசிக்கவில்லை, முகம் கோணவில்லை, சாப்பிட்டியா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். “பதினெட்டு கூட. பிடிச்சிரலாம், பிடிச்சிரலாம்னு கை சொல்லிக்கிட்டே இருக்கு. வாய் கோ அரவுண்டுன்னு சொல்லிருச்சு. கால் இன்னும் நடுங்குதுல, பாரு.” காட்டினாள். கருப்பு பேண்டுக்குள் முழங்கால் நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது. தோளில் இருந்த இரண்டு பட்டையை நான் அவ்வளவு நேரமும் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை மாதமாக இவளுடைய சீட்டின் மேல் பொறாமைப்பட்டதெல்லாம் வீண், இப்போது படுகிறேனே இதுதான் பொறாமை, பதினெட்டு கூட என்று ஒருத்தனுக்கு முன்னால் சட்டென்று சொல்ல முடிகிறதே, அந்த வாயின் மேல். தரை ஊழியர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவள் டயர் பக்கம் குனிந்தபடி, திங்கக்கிழமை உனக்கு சிம்முல்லா, நான் அனுப்புனதக் கேட்டியா என்றாள். கேக்கணும் என்றேன். கேளு, என்றாள், நான் நடந்தேன், திரும்பிப் பார்த்தபோது இஞ்சினுக்கு அடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வழக்கம்போலச் சுற்றி வந்துகொண்டு.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார், கடைச் சட்டையோடு, வண்டிச் சாவியை விரலில் மாட்டி மாட்டி எடுத்துக்கொண்டு. என் பையை வாங்கிக்கொண்டார், தோளைத் தொட்டுப் பார்த்தார், உடம்பு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், விமானம் கீழே வந்தது, சக்கரம் தெரிந்தது, இதோ தொடப்போகிறது என்று நினைத்தபோது மேலே போய்விட்டது, அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டதாம், அம்மாவுக்குப் போன் போடவும் பயமாம். காரின் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். திங்கட்கிழமையைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை, மகனுக்குத் தைரியம் கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

“எவம்யா அந்தக் கோட்டிக்காரன், இம்புட்டுக் கிட்ட வந்து விட்டுட்டுப் போறான்? நீயா இருந்தா மொதத் தடவையிலயே எறக்கியிருப்பல்லாய்யா?”

“ஆமாப்பா,” என்றேன், “எறக்கியிருப்பேன்.”

அவர் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் போனை எடுத்து அவள் குரலைத் திறந்து காதில் வைத்துக்கொண்டேன்.